பக்கத்துத் திரையே சாட்சி

இல்லமும் கணினியும்: இரட்டை மானிட்டரில் படம் சிமிட்டும்போது செய்யவேண்டியவை



2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாடெங்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, நம்மில் அநேகருடைய வீட்டின் ஒரு மூலை திடீரென்று அலுவலகமாக மாறிற்று. மும்பையின் ஒற்றை அறை வீடுகளிலும், பெங்களூருவின் வாடகை மாடிகளிலும், டெல்லியின் நெருக்கமான குடியிருப்புகளிலும் மடிக்கணினிக்குப் பக்கத்தில் இன்னொரு மானிட்டர் வந்து அமர்ந்தது. ஊரடங்கு நீங்கிய பின்பும் அந்த மானிட்டர் போகவில்லை. கணக்கு எழுதுகிறவர் ஒரு திரையில் ரசீதையும் மறு திரையில் பேரேட்டையும் வைத்துக்கொள்கிறார். மென்பொருள் எழுதும் மகன் இரண்டு திரைகளையும் நிரப்பிவிடுகிறான். அச்சு வேலை செய்யும் சகோதரி மூலப்பிரதியை ஒருபக்கம் திறந்து, மறுபக்கம் பக்கம் அமைக்கிறார்.

இந்த நிலையில் ஒரு நாள் இரண்டு திரைகளுள் ஒன்று கண் சிமிட்டத் தொடங்குகிறது. சற்று நேரம் துடிக்கிறது. ஒரு நொடி கறுத்துப்போய்த் திரும்பி வருகிறது. அல்லது படத்தின் குறுக்கே கோடுகள் ஓடுகின்றன. கடைக்குத் தொலைபேசியில் கேட்டால், "மானிட்டர் போய்விட்டது, மாற்றிவிடுங்கள்" என்று பார்க்காமலேயே பதில் வருவதுண்டு. மாதச் சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக மீதமிருப்பதில் பத்தாயிரம் ரூபாயை எடுத்துப் புது மானிட்டர் வாங்கி வந்து மாட்டினால், அதுவும் அப்படியே சிமிட்டுகிறது! பழுது இருந்தது சில நூறு ரூபாய்க் கேபிளில். இப்படிப்பட்ட வீண் செலவு உங்கள் வீட்டில் நேராதிருக்க வேண்டும் என்பதற்காகவே இம்மாதப் பகுதியை எழுதுகிறோம்.

சிமிட்டல் என்பது காய்ச்சலைப் போன்றது. அது நோயன்று, நோயின் அடையாளம். நோய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்த பின்புதான் மருந்து வாங்கவேண்டும். இரண்டு திரை வைத்திருக்கிறவர்களுக்கு இதில் ஒரு பெரிய அனுகூலம் உண்டு. ஒற்றைத் திரைக்காரர் எதையும் ஒப்பிட்டுப் பார்க்க வழியின்றித் தவிப்பார். உங்களிடமோ, பழுதுபட்டதற்குப் பக்கத்திலேயே நல்ல நிலையில் இயங்கும் ஒன்று இருக்கிறது. அதுவே உங்கள் சாட்சி. அதைக் கொண்டு எதையும் விலைக்கு வாங்காமல், அரை மணி நேரத்தில் பழுது இருக்கும் இடத்தைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

படம் நடந்து வரும் வழி

சோதனைக்கு முன், படம் எவ்வழியாய்த் திரைக்கு வருகிறது என்று அறிந்துகொள்வோம். கணினிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதி படத்தை உருவாக்குகிறது. அதற்கு வேலை சொல்லிக்கொடுப்பது 'டிரைவர்' என்னும் மென்பொருள். உருவான படம் கணினியின் துளை வழியாக வெளியேறி, கேபிளில் பயணம் செய்து, மானிட்டரின் துளைக்குள் நுழைகிறது. மானிட்டருக்குள் இருக்கும் மின்னணுப் பலகை அதை வாங்கித் திரையில் பரப்புகிறது. திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கு அதை நமக்குக் காட்டுகிறது. இவை அனைத்திற்கும் மின்சாரம் வேண்டும்.

சாதாரண மானிட்டரில் இந்தப் பயணம் ஒரு நொடிக்கு 60 முறை நடைபெறுகிறது. இதைத்தான் 60 ஹெர்ட்ஸ் என்கிறோம். முன்னாட்களில் இருந்த, பின்புறம் புடைத்த பெரிய கண்ணாடி மானிட்டர்களில் 60 ஹெர்ட்ஸ் என்றாலே கண்ணுக்குச் சிமிட்டல் தெரியும். ஆகவே 75 அல்லது 85க்கு உயர்த்தி வைப்போம். இன்றைய தட்டை மானிட்டர்கள் அப்படியல்ல. அடுத்த படம் வரும்வரை முந்தைய படத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கும் தன்மை அவற்றிற்கு உண்டு. எனவே தட்டை மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் கண்ணுக்குத் தெரியுமாறு சிமிட்டினால், வழியில் எங்கோ ஏதோ சரியில்லை என்றே பொருள்.

முதலில் கவனியுங்கள்

கையை வைப்பதற்கு முன் ஒரு நாள் முழுவதும் கவனியுங்கள். ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

எந்தத் திரை சிமிட்டுகிறது? இரண்டும் ஒரே நேரத்தில் சிமிட்டினால், இரண்டிற்கும் பொதுவானவற்றில்தான் பழுது தேடவேண்டும். டிரைவர், கணினி, இரண்டையும் இணைக்கும் டாக் என்னும் பெட்டி, வீட்டு மின்சாரம் ஆகியவையே அவை. ஒன்று மட்டும் சிமிட்டினால், அதன் தனி வழியில் பழுது இருக்கும் வாய்ப்பே அதிகம்.

எப்போது சிமிட்டுகிறது? எப்போதுமா, ஒரு குறிப்பிட்ட மென்பொருளைத் திறக்கும்போதா, மிக்ஸி ஓடும்போதா, மின்வெட்டில் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டுமா, மேஜையை அசைக்கும்போதா?

எப்படிச் சிமிட்டுகிறது? முழுத்திரையும் கறுத்துப்போய் ஓரிரு நொடியில் திரும்பினால், கேபிள் வழியே வரும் செய்தி அறுந்து மீண்டும் இணைகிறது என்று கொள்ளலாம். படம் இருந்தபடியே வெளிச்சம் மட்டும் ஏறி இறங்கினால், பின்விளக்கையோ மின்சாரத்தையோ சந்தேகிக்கலாம். திரையின் ஒரு பகுதி மட்டும், அதுவும் ஒரு ஜன்னலுக்குள் மட்டும் துடித்தால், அது மென்பொருளின் வேலையாக இருக்கக்கூடும்.

காசில்லாத மூன்று சோதனைகள்

முதலாவது, மானிட்டரின் பொத்தானை அழுத்தி அதன் சொந்த மெனுவைத் திறவுங்கள். வெளிச்சம், நிறம் முதலியவற்றை மாற்றும் அந்தச் சிறு பெட்டியைக் கணினி வரைவதில்லை, மானிட்டரே வரைகிறது. பின்னால் இருக்கும் படம் துடித்தும் மெனு அசையாமல் நின்றால், மானிட்டர் பெரும்பாலும் குற்றமற்றது. கேபிளையும் கணினியையும் பாருங்கள். மெனுவும் சேர்ந்து துடித்தால் மானிட்டரையோ அதற்கு வரும் மின்சாரத்தையோ பாருங்கள்.

இரண்டாவது, கேபிளைக் கழற்றிவிடுங்கள். 'சிக்னல் இல்லை' என்னும் அறிவிப்பை மானிட்டர் தானாகக் காட்டும். அந்த அறிவிப்பே துடிக்கிறதென்றால், கணினிக்கும் இந்தப் பழுதிற்கும் சம்பந்தமில்லை.

மூன்றாவது, விண்டோஸ் பயன்படுத்துகிறவர்கள் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். மற்றவை துடிக்கும்போது அதுவும் துடித்தால், டிரைவரில் கோளாறு இருக்கலாம். அது மட்டும் துடிக்காமல் நின்றால், ஏதோ ஒரு மென்பொருள் ஒத்துப்போகவில்லை. மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் பயனாளருக்குச் சொல்லும் முதல் சோதனை இதுவே.

இடமாற்றிச் சோதிக்கும் முறை

இப்போது முக்கியமான சோதனைக்கு வருவோம். சிமிட்டும் மானிட்டரை 'அ' என்றும், நல்ல மானிட்டரை 'ஆ' என்றும் வைத்துக்கொள்வோம். முதலில் இரண்டின் வேகத்தையும் 60 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற வரிசையில் சென்றால் இந்த எண் இருக்கும். ஒன்று 144, மற்றொன்று 60 என்று வெவ்வேறு வேகத்தில் ஓடியதால் வந்த தொல்லையானால் இதிலேயே அடங்கிவிடும்.

அடங்கவில்லையா? எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கேபிள்களின் இரு முனைகளையும் கழற்றி, மீண்டும் இறுக்கமாகச் செருகுங்கள். மேஜையைத் துடைக்கும்போது தளர்ந்துபோன முனைதான் பல வீடுகளில் காரணம். வி.ஜி.ஏ. கேபிளாக இருந்தால் இருபுறத் திருகுகளையும் முறுக்குங்கள்.

அதிலும் தீராவிட்டால், மானிட்டர் பக்கத்து முனைகளை மட்டும் இடம் மாற்றுங்கள். 'அ'வின் கேபிள் 'ஆ'வுக்கு, 'ஆ'வின் கேபிள் 'அ'வுக்கு. கணினிப் பக்கத்தைத் தொடாதீர்கள். இப்போது சிமிட்டல் 'அ'விலேயே நின்றால், பழுது அந்த மானிட்டரில் அல்லது அதன் மின்சாரத்தில் இருக்கிறது. சிமிட்டல் 'ஆ'வுக்குப் போய்விட்டால், 'அ' மானிட்டர் விடுதலை பெற்றது. பழுது கேபிளிலோ கணினியின் துளையிலோ இருக்கிறது.

இந்த இரண்டில் எது என்று அறிய, மானிட்டர் முனைகளைப் பழையபடி மாட்டிவிட்டு, கணினிப் பக்கத்து முனைகளை மட்டும் இடம் மாற்றுங்கள். சிமிட்டல் 'அ'வில் தெரிந்தால் அதன் கேபிளே கெட்டது. 'ஆ'வில் தெரிந்தால் கணினியின் துளையில் கோளாறு.

அவ்வளவுதான். ஒரு ரூபாய் செலவில்லை. இதற்கு ஒரே ஒரு விதி உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். கேபிளையும் டிரைவரையும் வேகத்தையும் ஒரே மூச்சில் மாற்றினால், சிமிட்டல் நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. மறுபடி வந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும். இரண்டு மானிட்டருக்கும் வெவ்வேறு வகைக் கேபிள் இருந்தால் இந்த இடமாற்றம் இயலாது. அப்போது பக்கத்து வீட்டிலோ அலுவலகத்திலோ அதே வகைக் கேபிள் ஒன்றை ஒரு மாலைப்பொழுதிற்கு இரவல் வாங்கிச் சோதியுங்கள்.

கேபிளின் கொள்ளளவு

"புதுக் கேபிள்தானே, அது எப்படிக் கெட்டிருக்கும்?" என்று கேட்பீர்கள். கெட்டிருக்க வேண்டியதில்லை, போதாமல் இருக்கலாம். முழு எச்.டி. மானிட்டருக்கு 60 ஹெர்ட்ஸில் நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி பிட் அளவு படச்செய்தி ஓடவேண்டும். 4கே மானிட்டருக்கோ ஏறத்தாழ 1,200 கோடி. இணைப்பிற்கு வேண்டிய மற்றச் செய்திகள் இதற்கும் மேல். நான்கு மடங்கு தண்ணீரை அதே பழைய குழாயில் விட்டால் என்னவாகும்? அதுதான் இங்கேயும் நடக்கிறது.

2009இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 முறைக்கு 4கே படத்தை 30 ஹெர்ட்ஸ் வரையே கொண்டுபோக இயலும். 2013இல் வந்த 2.0 முறைதான் 60 ஹெர்ட்ஸுக்கு வழி திறந்தது. கேபிள் வாங்கும்போது உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். முழு எச்.டி.க்கு 'ஹை ஸ்பீடு' போதும். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 'பிரீமியம் ஹை ஸ்பீடு' வேண்டும். அதற்கும் மேற்பட்டதற்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீடு'. தங்கமுலாம் பூசியது என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கவேண்டிய அவசியமில்லை. தேவைக்கு மேல் நீளமான கேபிளும் வேண்டாம். ஒன்றரை மீட்டர் போதும் இடத்தில் ஐந்து மீட்டரைச் சுருட்டி வைப்பது தொல்லையை வரவழைப்பதாகும்.

டாக் பெட்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் அறியவேண்டும். ஒரே டைப்-சி கேபிள் வழியாக வரும் கொள்ளளவை இரண்டு மானிட்டர்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரண்டும் 4கே என்றால் பங்கு போதாமல் ஒன்று கறுத்துக் கறுத்து வரலாம். ஒன்றை டாக்கில் விட்டு, மற்றொன்றை மடிக்கணினியின் எச்.டி.எம்.ஐ. துளையில் நேராக மாட்டிப் பாருங்கள். அதில் சரியானால் காரணம் தெரிந்துவிட்டது.

வீட்டு மின்சாரத்தைச் சந்தேகியுங்கள்

அடுக்களையில் மிக்ஸியைப் போட்டவுடன், அல்லது குளிர்சாதனப்பெட்டி ஓடத் தொடங்கும்போது, மானிட்டர் ஒரு நொடி கறுத்து வருகிறதா? மின்விசிறியின் சுவிட்சைத் தட்டும்போது நடக்கிறதா? மோட்டார் ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் மின்கம்பியில் ஒரு திடீர் அதிர்வு எழுகிறது. சுவிட்சில் தெறிக்கும் சிறு பொறி காற்றிலும் ஓர் அலையைப் பரப்புகிறது. உறை சரியில்லாத மலிவுக் கேபிள் அந்த அலையை வாங்கிக்கொள்கிறது. செய்தி ஒரு கணம் கலைந்தால் மானிட்டர் இணைப்பை இழந்து மீண்டும் தேடுகிறது.

இன்னொரு வியப்பான செய்தி உண்டு. உட்கார்ந்து எழும்போது ஏறி இறங்கும் அலுவலக நாற்காலிகளில் வாயு நிரம்பிய உருளை ஒன்று இருக்கிறதல்லவா? அதிலிருந்து எழும் நிலைமின்னூட்டப் பொறியாலும் திரை ஒரு நொடி கறுத்துப்போவதுண்டு. மானிட்டர் இணைப்புத் தொழில்நுட்பம் தயாரிக்கும் டிஸ்ப்ளேலிங்க் நிறுவனமே இதைத் தன் பயனாளருக்கான குறிப்பில் எழுதியிருக்கிறது. நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் திரை கறுத்தால், பேயென்று அஞ்சவேண்டாம்; நல்ல உறையுள்ள கேபிளாக மாற்றுங்கள்.

இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் பின்னணியில் அடிக்கடி இருப்பது எர்த் இணைப்பு இல்லாமை. பழைய வாடகை வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும். ஆனால் மேல்துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. மடிக்கணினியின் உலோக மூடியைத் தொடும்போது விரலில் மெல்லிய கூச்சம் தெரிந்தால், எர்த் இல்லை என்று சந்தேகிக்கலாம். இது திரையின் காரியம் மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்களின் உயிரைப் பற்றிய காரியம். வீட்டுக்காரரிடம் சொல்லி, தகுதியுள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதியுங்கள். மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனையாக்கும் மாற்றியை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

மின்வெட்டின்போது மட்டும் சிமிட்டுகிறதா? இன்வெர்ட்டரைப் பாருங்கள். மலிவான இன்வெர்ட்டர்கள் 'ஸ்கொயர் வேவ்' எனப்படும் முரட்டு அலையைத் தருபவை. மின்விசிறிக்கு அது போதும். கணினிக்கு 'சைன் வேவ்' வகையே ஏற்றது. அடுத்த முறை இன்வெர்ட்டர் மாற்றும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். கணினியையும் மானிட்டரையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் வைத்து, மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி முதலியவற்றை வேறு சாக்கெட்டுக்கு மாற்றுவது இன்றே செய்யக்கூடியது.

மானிட்டருக்கெனத் தனி அடாப்டர் இருந்தால் அதையும் கவனியுங்கள். தொலைந்துபோன அடாப்டருக்குப் பதிலாக வீட்டில் கிடந்த வேறொன்றை மாட்டியிருக்கிறீர்களா? அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் எண் மானிட்டரின் பின்புறம் உள்ள எண்ணோடு ஒன்றாயிருக்க வேண்டும். ஆம்பியர் எண் குறையக்கூடாது. பின்னின் மின்துருவக் குறியும் பொருந்தவேண்டும்.

டிரைவரும் அமைப்புகளும்

சோதனைகள் மென்பொருளைக் காட்டினால், முதலில் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிப்ட், 'பி' ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒரு கணம் கறுத்து, கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் வேலை அழியாது. இதில் சரியாகிச் சில நாளில் திரும்பவும் வந்தால், டிரைவரை மாற்றவேண்டும்.

சிமிட்டல் ஒரு அப்டேட்டுக்குப் பின் தொடங்கியதா? 'டிவைஸ் மேனேஜர்' சென்று, 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' பகுதியில் உங்கள் கிராபிக்ஸின் பெயரைத் திறந்து, 'ரோல் பேக் டிரைவர்' என்பதை அழுத்துங்கள். பழைய டிரைவர் திரும்பிவிடும். அப்டேட் இல்லாமல் தானாக வந்த தொல்லையானால் புதிய டிரைவரைப் போடுங்கள். அதை மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தோ, இன்டெல், ஏ.எம்.டி., என்விடியா தளங்களிலிருந்தோ மட்டுமே எடுக்கவேண்டும். 'உங்கள் டிரைவர்கள் பழையவை' என்று பயமுறுத்தும் விளம்பரங்களையும், உதவி செய்வதாகத் தொலைபேசியில் அழைக்கும் அந்நியரையும் நம்பாதீர்கள்.

இணைய உலாவியில் மட்டும் துடித்தால், அதன் அமைப்பில் 'கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன்' என்று இருப்பதை நிறுத்திப் பாருங்கள். விளையாட்டு மானிட்டர்களில் இருள் காட்சிகளின்போது வெளிச்சம் துடித்தால், படவேகத்தைத் தானாக மாற்றும் வசதியை, அதாவது ஜி-சிங்க் அல்லது ஃப்ரீ-சிங்க்கை, நிறுத்திப் பாருங்கள். மடிக்கணினியின் சொந்தத் திரை மட்டும், அதுவும் பேட்டரியில் ஓடும்போது மட்டும் துடித்தால், இன்டெல் கிராபிக்ஸ் அமைப்பில் 'பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ்' என்னும் மின்சேமிப்பை நிறுத்துங்கள். மூடியைத் திறந்து மூடும்போது துடித்தால், கீல் வழியாகச் செல்லும் உட்கேபிள் தேய்ந்திருக்கிறது. அது பழுது பார்ப்பவரின் வேலை.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய கணினியில் புதிய மானிட்டர் ஒத்துப்போகாவிட்டால், அதற்கென இனி திருத்தம் வருமென்று காத்திருப்பதில் பயனில்லை.

சபை மண்டபத்தின் திரை

பாடல் வரிகளைக் காட்டும் மடிக்கணினியும் புரொஜெக்டரும் ஒருவகையில் இரட்டைத் திரையே. இங்கே இரண்டு காரியங்கள் அடிக்கடி தொல்லை தருகின்றன.

ஒன்று, தூரம். சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிள் சில மீட்டருக்குத்தான் நம்பத்தக்கது. மண்டபத்தின் பின்புறத்திலிருந்து பதினைந்து, இருபது மீட்டர் கொண்டுபோக வேண்டுமானால், ஒளியிழை எச்.டி.எம்.ஐ. கேபிளோ, நெட்வொர்க் கேபிள் வழியாகச் செலுத்தும் எக்ஸ்டெண்டர் பெட்டியோ தேவை. ஒளியிழைக் கேபிளுக்குத் திசை உண்டு. கணினிக்கு எந்த முனை, புரொஜெக்டருக்கு எந்த முனை என்று அதில் எழுதியிருக்கும். திருப்பி மாட்டினால் படம் வராது.

மற்றொன்று, ஒலிபெருக்கியும் புரொஜெக்டரும் வெவ்வேறு சாக்கெட்டுகளில் மின்சாரம் எடுப்பது. அவற்றின் எர்த் நிலைகளுக்கிடையே சிறு வேறுபாடு இருந்தால், வி.ஜி.ஏ. கேபிளில் அந்த மின்னோட்டம் கலந்து, திரையில் மேலும் கீழுமாக ஊரும் பட்டைகளாகத் தெரியும். ஒலியில் 'ஹம்' என்னும் இரைச்சலும் வரும். இரைச்சலை நீக்குவதற்காகப் பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிடுகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது மிகவும் ஆபத்தானது. கையில் மைக் பிடித்திருப்பவருடைய உயிருக்கே கேடு வரலாம். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து, நல்ல எர்த்துடன், அவற்றின் சுமையைத் தாங்கும் மின்சாரம் கொடுப்பதே சரியான வழி.

விண்டோஸ் விசையோடு 'பி'யை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். 'டூப்ளிகேட்' வைத்தால் இரு திரைகளும் ஒரே அளவுக்கு இணங்கவேண்டியிருப்பதால் தொல்லை கூடும். சோதனையைச் சனிக்கிழமை மாலையில், ஒலிபெருக்கியும் விளக்குகளும் எல்லாம் ஓடும்போது செய்யுங்கள். ஞாயிறு காலையில், ஆராதனை தொடங்கும் நேரத்தில் செய்யும் சோதனை சோதனையாகாது.

கண்ணும் தலைவலியும்

கண்ணுக்குத் தெரியாத சிமிட்டலும் உண்டு. சில மானிட்டர்கள் வெளிச்சத்தைக் குறைப்பதற்காகப் பின்விளக்கை நொடிக்குப் பல நூறு முறை அணைத்து எரிக்கின்றன. வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்க அணைந்திருக்கும் நேரம் கூடும். மாலையில் தலைவலியும் கண் எரிச்சலும் வருகிறவர்கள், அறை விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசிக் கேமராவில் திரையைப் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் இது காரணமாக இருக்கலாம். மானிட்டரின் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டி, அதற்கேற்ப அறை வெளிச்சத்தையும் கூட்டிப் பாருங்கள். அடுத்த மானிட்டர் வாங்கும்போது 'ஃப்ளிக்கர் ஃப்ரீ' என்று குறிப்பிட்டிருப்பதைத் தேடுங்கள்.

ஒளி சிமிட்டுவதை அற்பமாக எண்ணவேண்டாம். 1997ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி ஜப்பானில் ஒளிபரப்பான 'போக்கிமான்' கார்ட்டூன் தொடரில், சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறிப் பளிச்சிட்ட ஒரு காட்சியைப் பார்த்து, ஏறத்தாழ 685 பேர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வலிப்பு நோயுள்ளவர்களில் நூற்றுக்கு மூவர் அளவில் இப்படிப்பட்ட ஒளியால் பாதிக்கப்படக்கூடியவர்கள். வலிப்பு வந்த குழந்தை வீட்டில் இருந்தால், துடிக்கும் திரைக்கு முன் உட்காரவைக்காதீர்கள். பழுது தீரும்வரை அந்த மானிட்டரை அணைத்தே வையுங்கள், மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகும் முன்

எல்லாச் சோதனையும் மானிட்டரையே குற்றவாளி என்று காட்டினால், முதலில் பில்லைத் தேடுங்கள். பல நிறுவனங்கள் மானிட்டருக்கு மூன்று ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. சிமிட்டலைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். கடையில் போய் நின்றால் அது அமைதியாய் இருந்துவிடுவதுண்டு. அப்படிக் கடையில் சரியாக ஓடினால் மனம் சோராதீர்கள். அதுவும் ஒரு சாட்சிதான். அங்கே இருந்தது அவர்களுடைய கேபிளும் அவர்களுடைய மின்சாரமும் அல்லவா? ஆகவே உங்கள் கேபிளையும் அடாப்டரையும் கையோடு கொண்டுபோங்கள்.

உத்தரவாதம் முடிந்திருந்தாலும் உடனே எறிந்துவிடாதீர்கள். மின்பலகையில் புடைத்துப்போன கெப்பாசிட்டரை மாற்றினாலே பல பழைய மானிட்டர்கள் பிழைத்துக்கொள்கின்றன. மும்பை லாமிங்டன் சாலையிலும், டெல்லி நேரு பிளேஸிலும், பெங்களூரு எஸ்.பி. சாலையிலும், சென்னை ரிச்சி தெருவிலும் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். முதலில் செலவு எவ்வளவு என்று கேட்டு, புதியதின் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள். ஆனால் நீங்களே மானிட்டரைத் திறக்கவேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்பும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். உத்தரவாதக் காலத்திலும் கடைக்காரர் அலைக்கழித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915ஐ அழைக்கலாம்.

இந்தப் பக்கத்தைக் கத்தரித்து மேஜைக்கு அருகில் ஒட்டிவையுங்கள். திரை சிமிட்டும் நாளில், கடைக்காரரைக் கேட்பதற்கு முன் பக்கத்துத் திரையைக் கேளுங்கள். அரை மணி நேரச் சோதனைக்குப் பின் நீங்கள் வாங்கவேண்டியது ஒரு கேபிள்தான் என்று தெரிந்தால், மிஞ்சிய பணத்திற்கு உங்கள் வீட்டில் வேறு தேவைகள் காத்திருக்கின்றன.